ழான் கபேன்: பிரெஞ்சுத் திரையின் உழைப்பாளி முகம்

பிரெஞ்சுத் திரைப்பட வரலாற்றில் 1930க்கும் 1940க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி எழுத முற்படும் எவரும் ஒரு முகத்தை விலக்கிவிட்டு எழுத இயலாது. அகன்ற நெற்றி, சற்றே தடித்த மூக்கு, மெல்லிய உதடுகள், எதிரிலிருப்பவரை ஆழம் பார்க்கும் வெளிர்நிறக் கண்கள், வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிகரெட்டு. அழகன் என்று அந்நாளைய நாடக மேடையினர் கொண்டாடிய இலக்கணம் எதற்கும் பொருந்தாத முகம் அது. ஆலை வாயிலில் மாலைச் சங்கு ஒலித்ததும் வெளியே வரும் ஆயிரம் பேரில் ஒருவனுடைய முகம் எனலாம். அந்த ஆயிரம் பேரும் தம்மையே திரையில் கண்டதாக எண்ணி, அம்முகத்தைத் தம் முகமாக ஏற்றுக்கொண்டனர். ழான் கபேன் என்ற நடிகரின் புகழ் அந்த ஏற்பிலிருந்து பிறந்தது. அதைத் தந்த காலம் போரில் அழிந்த பின்னர் அவர் என்னவானார் என்பது, புகழின் கதையைவிடக் கனமான கதை.

1904ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பாரிஸில், ரோஷஷுவார் பெருந்தெருவில் அவர் பிறந்தார். குடும்பப் பெயர் மோன்கோர்ழே. தந்தை பெர்தினான் இசைக்கூடங்களில் பாடி நடிப்பவர். மேடைக்காக அவர் சூட்டிக்கொண்ட பெயரே கபேன். தாயும் பாடகி. பிள்ளை வளர்ந்ததோ பாரிஸுக்கு வடக்கே, ஊவாஸ் ஆற்றங்கரையிலுள்ள மேரியேல் என்னும் சிற்றூரில். வீட்டருகே இருப்புப்பாதை ஓடியது. ஊரைச் சுற்றி வயல்கள். இரயில் ஓட்டுநராக வேண்டும் என்பது சிறுவனின் கனவு. நிலம் வாங்கி உழவனாக வேண்டும் என்பது மற்றொரு கனவு. நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவனிடம் இருக்கவில்லை. 1918இல் தாய் இறந்தார். பள்ளிப் படிப்பு அவனுக்கு ஒட்டவில்லை. சிமெண்டுப் பூச்சு வேலை, வார்ப்படச் சாலையில் எடுபிடி வேலை என்று சில காலம் கழிந்தது. பின்னாளில் திரையில் அவர் ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது அது பழகிய கையாகத் தெரிந்ததற்கு இந்த ஆண்டுகளும் ஒரு காரணமாகலாம்.

மகனைத் தம் தொழிலுக்கே கொண்டுவர விரும்பிய தந்தை, ஏறத்தாழ இழுத்துச் சென்றே ஃபோலி பெர்ழேர் இசைக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 18. கூட்டத்தோடு கூட்டமாக மேடையில் நின்ற அவ்வேலையை அவர் விருப்பமின்றியே ஏற்றார். இடையே லொரியான் துறைமுகத்தில் கடற்படைத் துப்பாக்கி வீரராகக் கட்டாயப் பணி. திரும்பி வந்து மீண்டும் இசைக்கூடம். 1928இல் புகழின் உச்சியிலிருந்த மிஸ்தங்கெத் அம்மையாருடன் மூலான் ரூழ் மேடையில் ஆடிப் பாடும் வாய்ப்புக் கிட்டியது. பேசும்படம் வந்தபோது பாடத் தெரிந்தவர்களைப் படக்கொட்டகைக்காரர்கள் தேடினர். 1930இல் வெளிவந்த முதல் படமும் இசை நாடக வகையைச் சேர்ந்ததே. அதனைத் தொடர்ந்த நான்கைந்து ஆண்டுப் படங்கள் பலவற்றை இன்று நினைவுகூர வேண்டிய தேவையில்லை.

ஆயினும் இசைக்கூடம் அவருக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தோர் குரலை உயர்த்திச் சொற்களைச் செதுக்கிச் செதுக்கிப் பேசினர்; ஒலிவாங்கியின் முன்னிலையில் அது செயற்கையாக ஒலித்தது. கபேனோ பாரிஸ் புறநகர்த் தொழிலாளியின் இழுப்போடு, தாழ்ந்த குரலில், பேசுவதே பெரிய செலவு என்பதுபோலப் பேசினார். பாட்டின் தாளத்தைப் பேச்சில் வைத்திருந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கலாம் என்பதை அவரைப்போல் அறிந்த நடிகர் அக்காலத்தில் வேறொருவர் இல்லை என்றே கூறலாம்.

இயக்குநர் ழூலியன் துவிவியேதான் இதனை முதலில் கண்டுகொண்டார். 1935இல் வெளிவந்த ‘லா பாந்தேரா’ படத்தில், பாரிஸில் ஒருவனைக் கொன்றுவிட்டு மொராக்கோவில் ஸ்பானிய அயல்நாட்டுப் படையில் ஒளிந்துகொண்டு அங்கேயே மடியும் வீரனாக அவரை நடிக்கவைத்தார். சட்டத்தின் பார்வையில் குற்றவாளி, பார்ப்போர் உள்ளத்தில் நிரபராதி என்ற அந்த வார்ப்பு அன்று முதல் கபேனின் சொத்தாயிற்று.

அடுத்த ஆண்டில் நாடே மாறியது. 1936 மே மாதத் தேர்தலில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. லெயோன் புளூம் ஆட்சி அமைத்தார். ஆலைகளைத் தொழிலாளர் கைப்பற்றி உள்ளேயே அமர்ந்தனர். ஜூன் மாதத்தில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் கிடைத்தன. வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர்கள் அந்தக் கோடையில் எண்ணற்றோர். அவ்வாண்டின் செப்டம்பரில் துவிவியேயின் ‘லா பெல் எக்கிப்’ (நல்ல கூட்டாளிகள்) வெளிவந்தது. வேலையற்ற ஐந்து நண்பர்கள், ஒரே பரிசுச்சீட்டு, விழுந்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல், மார்ன் ஆற்றங்கரையில் ஒரு பாழ்மனையை வாங்கி உணவுச்சாலையாக எழுப்புகின்றனர். எல்லோரும் முதலாளிகள், எல்லோரும் வேலைக்காரர்கள். ஆற்றங்கரை உலாவைப் பற்றிய ஒரு பாடலைக் கபேன் அதில் பாடுகிறார். ஒருவர்பின் ஒருவராக நண்பர்கள் பிரிய, எஞ்சிய இருவர் ஒரு பெண்ணை முன்னிட்டு மோதுகின்றனர். துவிவியே எழுதிய முடிவில் நண்பனை நண்பனே சுட்டுவிடுகிறான். படத்தயாரிப்பாளர்கள் அஞ்சினர். நட்பு வெல்வதாக வேறொரு முடிவும் படமாக்கப்பட்டது. புறநகர்க் கொட்டகை ஒன்றில் இரண்டையும் காட்டிப் பார்வையாளரின் விருப்பத்தைக் கேட்டபோது, பெரும்பாலோர் இன்ப முடிவையே விரும்பினர். அந்த ஆண்டில் அவர்கள் வேறெதனை விரும்பியிருக்க முடியும்? எனினும் துவிவியேயின் துன்ப முடிவையே அடுத்த நான்காண்டு வரலாறு தேர்ந்துகொண்டது.

1937இல் வந்த ‘பேப்பே ல மொக்கோ’ அவரை நாடு கடந்தும் அறியச் செய்தது. அல்ஜியர்ஸ் நகரின் காஸ்பா என்னும் சந்துக்காட்டில் காவலர் நெருங்க முடியாதபடி வாழும் கொள்ளைக்காரன், அங்கிருந்து வெளியே காலெடுத்து வைத்தால் பிடிபடுவான். பாரிஸின் வாசனையைத் தன்மீது சுமந்துவந்த ஒரு பெண்ணுக்காக வெளியே வருகிறான். கைவிலங்கோடு துறைமுகக் கம்பிவேலிக்கு அப்பால் நின்று அவளை அழைக்கிறான். கப்பலின் ஊதல் அக்குரலை விழுங்கிவிடுகிறது. ஹாலிவுட் மறு ஆண்டே சார்ல்ஸ் புவாயேயை வைத்து இக்கதையைத் திரும்ப எடுத்தது. மூலத்தின் வெம்மை அதில் இல்லை.

அதே 1937இல்தான் ழான் ரெனுவாரின் ‘லா கிராந்த் இல்யூஸியோன்’ (மாபெரும் மாயை) வெளிவந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரிகளின் கதை. ரெனுவார் அப்போரில் விமானப்படையில் பணியாற்றியவர். தாம் அன்று அணிந்த சீருடைச் சட்டையையே கபேனுக்கு அணிவித்தார். பணம் போட முன்வருவோரின்றி நீண்ட காலம் கிடந்த அக்கதை படமானதற்குக் கபேன் அதில் நடிக்க இசைந்ததே பெருங்காரணம் என்பர். மரேஷால் என்னும் லெப்டினன்டாக அவர் வருகிறார். தொழிலால் இயந்திரப் பழுதாளர். பக்கத்தில் பியேர் ஃபிரெனே நடித்த உயர்குடிப் பிரபு. எதிரே எரிக் வான் ஸ்த்ரோஹைம் நடித்த ஜெர்மானியப் பிரபு. பகை நாட்டினராயினும் அப்பிரபுக்கள் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர். ஒரே நாட்டவராயினும் பிரபுவும் பழுதாளரும் கடைசிவரை நெருங்க இயலவில்லை. எல்லைக்கோடுகள் நாடுகளுக்கிடையே மட்டும் ஓடுவதில்லை என்பதை இதைவிட அமைதியாகச் சொன்ன படம் அரிது.

இப்படத்தில் இரண்டு இடங்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. தனிமைச் சிறையில் அடைக்கப்பட்ட மரேஷால், யாரேனும் பிரெஞ்சு மொழியில் பேசமாட்டார்களா என்று சுவரை முட்டிக் கதறுகிறான். முதிய ஜெர்மானியக் காவலாளி ஒருவன் அவனருகே அமர்ந்து, செய்வதறியாது தன் சட்டைப் பையைத் தடவி, ஒரு மௌத்ஆர்கனை வைத்துவிட்டுப் போகிறான். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து மெல்லிய இசை எழுகிறது. மற்றொன்று, தப்பியோடும் வழியில் நிகழ்வது. உடன்வரும் யூத நண்பன் ரோசந்தாலுக்குக் கால் சுளுக்கி நடக்க முடியவில்லை. பசியும் பனியும் சேர்ந்து இருவரையும் வெறிகொள்ளச் செய்கின்றன. மரேஷால் அவனுடைய இனத்தையே பழித்துப் பேசிவிட்டு விலகிப் போகிறான். பின் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து தோள் கொடுக்கிறான். கதைநாயகன் வாயில் அப்பழிச்சொல்லை வைக்க 1937இல் துணிவு வேண்டும். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வரும் மனிதனாக நம்பப்படவும் ஒரு முகம் வேண்டும்.

ஜெர்மனியில் இப்படம் தடைசெய்யப்பட்டது. கொய்பெல்ஸ் இதனைத் திரையுலகின் முதல் எதிரி என்றே கருதினார். பாரிஸ் வீழ்ந்ததும் மூலப்படச்சுருளை ஜெர்மானியர் பெர்லினுக்கு எடுத்துச் சென்றனர். பெர்லின் வீழ்ந்ததும் அது மாஸ்கோவுக்குப் போயிற்று. பின்னர்ப் பிரான்ஸின் தூலூஸ் நகரத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து, அது இன்னதென்றே அறியப்படாமல் பல்லாண்டு கிடந்து, 1990களில்தான் அடையாளம் காணப்பட்டது. படத்தில் வரும் கைதிகள் கடந்ததைக் காட்டிலும் நீண்ட பயணம் அச்சுருளினுடையது!

1938இல் எமில் ஸோலாவின் நாவலை ரெனுவார் ‘மனித மிருகம்’ என்ற படமாக்கினார். இரயில் ஓட்டுநர் லான்தியே வேடம் கபேனுக்கு. மேரியேல் சிறுவனின் கனவு முப்பத்து நான்காம் வயதில் இவ்வாறு நிறைவேறியது. அவர் நீராவி எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டு, பாரிஸுக்கும் ல ஆவ்ருக்கும் இடையேயான பாதையில் தாமே ஓட்டினார். படத்தின் தொடக்கத்தில் பல நிமிடங்கள் பேச்சே கிடையாது. ஓட்டுநரும் கரியள்ளுபவரும் இரைச்சலுக்கிடையே கைச்சாடையால் மட்டும் உரையாடுகின்றனர். உழைப்பின் ஒழுங்கும் அதிலுள்ள பெருமிதமும் வேறு எப்படத்திலும் இவ்வளவு தெளிவாகப் பதிவாகவில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

கவிஞர் ழாக் பிரெவேர் உரையாடல் எழுத, மார்செல் கார்னே இயக்கிய இரு படங்கள் இவ்வரிசையை நிறைவு செய்தன. 1938இல் ‘பனிமூட்டத் துறை’. படையைவிட்டு ஓடிவந்தவன் ல ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு பெண்ணைக் கண்டு, ஒரு நாள் வாழ்ந்து, கப்பல் புறப்படும் வேளையில் தெருவில் சுடப்பட்டு இறக்கிறான். மிஷேல் மோர்கானின் கண்களைப் பற்றி அவர் சொல்லும் ஒரு சிறு வாக்கியம் பிரான்ஸில் இன்றும் எல்லோர்க்கும் தெரியும். மறு ஆண்டு ஜூனில் ‘பொழுது புலர்கிறது’. வார்ப்படச் சாலையில் மணல்வீச்சு வேலை செய்யும் பிரான்ஸ்வா ஒருவனைக் கொன்றுவிட்டு, ஐந்தாம் மாடிக்கு மேலுள்ள தன் அறையில் அலமாரியைக் கதவோடு சேர்த்து அடைத்து உட்கார்ந்துகொள்கிறான். இரவு முழுவதும் சிகரெட்டுப் புகைத்தபடி நடந்ததை நினைக்கிறான். கீழே காவலர், சதுக்கத்தில் அவனை அறிந்த தொழிலாளர் கூட்டம். சன்னலைத் திறந்து அவர்களை நோக்கி அவன் வெடித்துக் கத்துகிறான். விடியற்காலையில் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். வேலைக்கு எழுப்பும் கடிகாரம் பிணத்தருகே மணியடிக்கிறது.

அந்தக் கத்தலைப் பற்றி ஒரு சொல். படத்துக்கு ஒரு முறையேனும் தாம் வெகுண்டெழும் காட்சி இருக்கவேண்டும் என்று கபேன் கேட்டுக்கொள்வதுண்டு என்ற பேச்சை ஆந்த்ரே பாஸான் என்னும் பெரும் விமர்சகர் எடுத்தாண்டிருக்கிறார். நடிகரின் செருக்காக அவர் அதனைக் கருதவில்லை. பண்டைய கிரேக்கத் துன்பியலில் விதி நாயகனை ஒரு கணம் மதியிழக்கச் செய்து வீழ்த்துவதுபோல, இத்தொழிலாளியையும் அவன் சினமே வீழ்த்துகிறது என்று விளக்கினார். ஆலைப் புறநகரில் பிறந்த ஈடிப்பஸ் அவன். அவன் சாகாமல் வீடு திரும்பினால் பார்வையாளர் ஏமாற்றமடைவர். 1936இல் இன்ப முடிவு கேட்ட அதே மக்கள் 1939இல் இந்தச் சாவை ஒப்புக்கொண்டனர் என்பதை நோக்க, மூன்றாண்டுகளில் ஒரு தலைமுறையின் நம்பிக்கை கரைந்த வேகம் புலப்படும். படம் வெளிவந்த மூன்றாம் மாதம் போர் மூண்டது. மனவலிமையைக் குலைப்பது என்று கூறித் தணிக்கையாளர் இதனைத் தடைசெய்தனர். தோல்விக்குப் பின்னர் விஷி அரசின் ஆதரவாளர்கள், இத்தகைய படங்களாலேயே நாடு தோற்றது என்று பழி சுமத்தினர். புயலைக் காட்டியதற்காக வானிலைக் கருவியைக் குற்றம் சொல்லலாகாது என்ற பொருளில் கார்னே விடையளித்தார்.

1939 செப்டம்பரில் கபேன் கடற்படைக்கு அழைக்கப்பட்டார். கிரெமியோன் இயக்கிய ‘ரமோர்க்’ படம் பாதியில் நின்றது; விடுப்பில் வந்து தம் பகுதியை நடித்து முடித்தார். 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. ஆக்கிரமிப்பாளர்கள் ‘காந்தினந்தால்’ என்னும் படநிறுவனத்தைப் பாரிஸிலேயே நிறுவி, நாட்டின் சிறந்த நடிகர்களையும் இயக்குநர்களையும் திரட்டத் தொடங்கினர். கபேனையும் விரும்பினர். போருக்கு முன் ஜெர்மன் நிறுவனத்தின் முதலீட்டில் பெர்லின் படக்கூடத்திலேயே நடித்தவர் அவர்; ஆகவே அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. அவர் மறுத்தார். 1941 பிப்ரவரியில் ஸ்பெயின், போர்த்துகல் வழியாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இந்த மறுப்பின் எடையை அறிய, அவரோடு நடித்த வேறிருவரை நினைத்துப் பார்த்தால் போதும். ‘லா பாந்தேரா’விலும் ‘பனிமூட்டத் துறை’யிலும் நடித்த ரொபேர் ல விகான் ஒப்பற்ற குணச்சித்திர நடிகர். அவர் ஆக்கிரமிப்பாளரின் வானொலியில் யூத வெறுப்பைப் பேசினார். விடுதலைக்குப் பின் தண்டனை பெற்று, ஆர்ஜென்டினாவில் ஏழ்மையில் 1972இல் இறந்தார். ரோசந்தாலாக நடித்த மார்செல் தாலியோ உண்மையில் யூதர். அவர் தப்பியோடிய பிறகு அவர் முகத்தையே சுவரொட்டியில் அச்சிட்டு, யூதனை அடையாளம் காண்பது எவ்வாறு என்று மக்களுக்குக் கற்பித்தனர். ஹாலிவுட்டில் ‘காஸபிளாங்கா’ படத்தின் சூதாட்ட மேசைக்காரனாக வரும் சிறு வேடம் அவருக்குக் கிடைத்தது. அவருடைய பெற்றோர் வதைமுகாம்களில் மாண்டனர். திரையில் ஒரே பனிவெளியைக் கடந்தவர்கள், திரைக்கு வெளியே கடந்தவை வெவ்வேறு எல்லைகள்.

அமெரிக்காவில் கபேனுக்கு எதுவும் வாய்க்கவில்லை. 1942இல் ஒன்று, 1944இல் ஒன்று என இரண்டே படங்கள். மௌனத்தாலும் மொழியின் இழுப்பாலும் நடித்தவருக்கு, கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் மௌனம் கூட வேறாக ஒலித்திருக்க வேண்டும். ஜெர்மனியைத் துறந்து வந்த மார்லீன் டீட்ரிச்சின் காதலும், அவர் சமைத்துப் போட்ட உணவும், அங்குக் கூடிய பிரெஞ்சு அகதி நண்பர்களுமே ஆறுதல். 1943இல் அவர் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் தம்மைப் பதிவு செய்துகொண்டார். நாற்பது வயதை எட்டிய புகழ்பெற்ற நடிகரைப் படையினருக்குக் கேளிக்கை நடத்தவோ பிரசாரம் செய்யவோ அனுப்புவது எளிது. அவர் அதனை விரும்பவில்லை. எண்ணெய்க் கப்பல் ஒன்றின் பாதுகாப்புப் பணியில் அட்லாண்டிக்கைக் கடந்து அல்ஜியர்ஸ் சேர்ந்தார். பேப்பே ல மொக்கோவின் ஊர்! அங்குப் பயிற்சியாளராக இருந்தபின், லெக்லேர் தளபதியின் இரண்டாம் கவசப் பிரிவைச் சேர்ந்த கடற்படைக் கவசப் படைப்பகுதியில் ‘சூஃப்ளேர்’ என்ற டாங்கியின் தலைவரானார். அப்பொறுப்பில் இருந்தோருள் அவரே மிக மூத்தவர் என்பர். 1945 வசந்தத்தில் ருவாயான் முற்றுகையிலும் ஜெர்மனிக்குள் நடந்த முன்னேற்றத்திலும் பங்கேற்றார். ஹிட்லரின் மலைவாசத்தலமான பெர்க்டெஸ்காடன் வரை அவர்களுடைய படை சென்றது. இராணுவப் பதக்கமும் போர்ச் சிலுவையும் அவருக்கு வழங்கப்பட்டன.

தலைமுடி நரைத்து, உடல் பருத்துத் திரும்பி வந்தவரைப் பாரிஸ் மரியாதையோடு வரவேற்றது, கொட்டகைகள் வரவேற்கவில்லை. கார்னேயும் பிரெவேரும் அவரையும் டீட்ரிச்சையும் மனத்தில் கொண்டு எழுதிய படத்திலிருந்து இருவரும் விலக, அவ்வேடம் இளம் பாடகர் ஈவ் மோந்தானுக்குப் போயிற்று. அவ்விருவரும் சேர்ந்து நடித்த 1946ஆம் ஆண்டுப் படம் தோல்வியுற்றது. காதலும் முறிந்தது. 1949இல் தொமினீக் என்பவரை மணந்தார்; மூன்று குழந்தைகள் பிறந்தன. வெனிஸ் விழாவில் 1951இல் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. ஆனால் மக்கள் வரவில்லை. நாட்டைவிட்டு ஓடிய கொலைகாரத் தொழிலாளியை 1938இல் நேசித்தவர்களுக்கு, நரைத்த தலையுடன் அவன் உயிரோடு நிற்பது ஏதோ பொருந்தாமல் பட்டது போலும். ஆக்கிரமிப்பின்போது பாரிஸில் படமெடுத்துக்கொண்டிருந்த பலரின் தொழில் தடையின்றித் தொடர, மறுத்துவிட்டுப் போர் செய்தவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை இழந்தார். இந்த இழப்பைப் பற்றி அவர் புலம்பியதாகத் தெரியவில்லை. அவருக்காக வேறெவரும் புலம்பவும் இல்லை.

மீட்சி 1954இல் வந்தது. ழாக் பெக்கேர் இயக்கிய ‘தூஷே பா ஓ கிரிஸ்பி’ ஒரு கொள்ளைக்கூட்டக் கதை. எனினும் துப்பாக்கிகளைவிட முதுமையே அதன் பொருள். மாக்ஸ் என்னும் மூத்த கொள்ளைக்காரன் இனிமேல் இரவில் கண்விழிக்க விரும்பாதவன். நண்பனைத் தன் மறைவிடத்துக்கு அழைத்துவந்து, ரொட்டியும் இறைச்சிப் பசையும் வெள்ளை ஒயினும் எடுத்து வைக்கிறான். இருவரும் உண்கின்றனர். பின்னர் நண்பனுக்கு ஒரு படுக்கை, ஓர் இரவாடை, ஒரு பல்துலக்கி. ஆளுக்கொரு கண்ணாடியின் முன் தம் முகச் சுருக்கங்களைப் பார்த்துக்கொள்கின்றனர். வேறொன்றும் நடப்பதில்லை. குற்றக்கதைப் படங்களில் இதுபோன்றதொரு காட்சி அதற்கு முன்னர் இருந்ததில்லை. படம் முழுவதும் மௌத்ஆர்கனில் ஒரு மெட்டு வந்து வந்து போகிறது. ‘மாபெரும் மாயை’யை அறிந்தவர்க்கு அந்த ஒலி வேறொரு சிறையறையையும் நினைவூட்டும். அவ்வாண்டு வெனிஸில் மீண்டும் சிறந்த நடிகரானார். மறு ஆண்டு ரெனுவாரின் ‘பிரெஞ்சு கான்கான்’.

இரண்டாம் கபேன் இவ்வாறு உருவானார். இவர் சாவதில்லை, ஆணையிடுகிறார். காவல் ஆய்வாளர் மெக்ரே, வங்கியாளர், நீதிபதி, முன்னாள் பிரதமர் என வேடங்கள் மேல்நோக்கிச் சென்றன. 1958இல் ‘லே மிஸெராப்ல்’ படத்தில் ழான் வால்ழானாகவும் நடித்தார். சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பாலும், அதைத் தழுவி 1950இல் நாகையா நடித்த ‘ஏழைபடும் பாடு’ படத்தாலும் தமிழர் அக்கதையை முன்னரே அறிவர்.

இம்மாற்றத்தின் உட்பொருளை வெளிப்படுத்திய படம், 1956இல் ஓத்தான்-லாரா எடுத்த ‘லா திராவெர்ஸே த பாரி’. 1943ஆம் ஆண்டின் ஓர் இரவு. கள்ளச்சந்தைப் பன்றியிறைச்சியை நான்கு பெட்டிகளில் அடைத்து, இருட்டடிப்பில் இருவர் பாரிஸைக் குறுக்கே கடக்கவேண்டும். ஒருவர் வேலையிழந்த வாடகைக்கார் ஓட்டுநர், நடித்தவர் பூர்வீல். மற்றவர் கபேன். அவரும் ஏழை என்றே ஓட்டுநர் எண்ணுகிறார். உண்மையில் அவர் புகழ்பெற்ற ஓவியர். மனிதர் எவ்வளவு தூரம் இழிவார்கள் என்று பார்க்கும் விளையாட்டுக்காக வந்தவர். ஒரு மதுக்கடையில் அவர் வெடித்துக் கத்துகிறார். இம்முறை அந்தக் கத்தல், பயந்து ஒடுங்கும் ஏழைகளையே காறி உமிழ்கிறது. 1939இல் ஐந்தாம் மாடிச் சன்னலிலிருந்து எழுந்த குரல்தான் அது. திசை மட்டும் மாறிவிட்டது. இருவரும் பிடிபடும்போது ஜெர்மன் அதிகாரி ஓவியரை அடையாளம் கண்டு விடுவிக்கிறார்; ஓட்டுநரை லாரியில் ஏற்றுகின்றனர். 1943இல் அந்நகரத் தெருக்களில் இல்லாதிருந்த ஒருவரால்தான் அவ்வேடத்தை இவ்வளவு இரக்கமின்றி நடிக்க முடிந்ததோ என்னவோ.

பின்னிருபது ஆண்டுகளில் எண்ணற்ற படங்கள். புதிய அலை இளைஞர்கள் அவரை அப்பாக்களின் திரைப்படத்துக்கு உரியவரென ஒதுக்கினர். அதில் நியாயம் இல்லாமலில்லை. அளவு தைத்த உடையைப்போல் அவருக்கென்றே எழுதப்பட்ட உரையாடல்களில் அவர் தம்மைத் தாமே திரும்ப நடித்த படங்கள் பல. ஆயினும் பெல்மோந்தோவுடன் 1962லும், அலென் தெலோனுடன் 1963லும் 1969லும் நடித்த படங்களில் அடுத்த தலைமுறை அவரிடம் தொழில் கற்றுக்கொண்டது கண்கூடு.

ஈட்டிய பணத்தை அவர் நிலத்தில் போட்டார். நார்மண்டியில் பண்ணை, பசுக்கள், பந்தயக் குதிரைகள். மேரியேல் சிறுவனின் இரண்டாம் கனவு அது. 1962 ஜூலை மாதத்தின் ஓர் இரவில் பல நூறு உழவர்கள் அப்பண்ணையைச் சூழ்ந்துகொண்டனர். இளம் உழவர்க்குக் குத்தகைக்குக்கூட நிலம் கிட்டாதபோது, வேறு தொழிலில் பொருளீட்டுவோர் நிலங்களை வாங்கிக் குவிப்பதா என்பது அவர்கள் கேள்வி. பண்ணையின் ஒரு பகுதியை இளைஞர்க்குக் குத்தகைக்கு விடவேண்டும் என்றனர். உழைப்பாளியின் முகமாக உலகறிந்தவரின் வாயிலில் உழைப்பாளிகள் நின்றனர், நிலக்கிழாரை எதிர்த்து. கேள்வி நேர்மையானது, அது வந்து சேர்ந்த ஆள்தான் பொருந்தவில்லை என்பாரும் உளர். வழக்குத் தொடுத்த அவர் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றார். ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை; தாம் உழவன் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

முதுமையின் பெரும்படம் 1971ஆம் ஆண்டின் ‘பூனை’. சீமெனோனின் கதை. இடிபடவிருக்கும் புறநகர் வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட முதிய கணவனும் மனைவியும். மனைவியாக நடித்தவர் சிமோன் சிஞ்ஞோரே. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழ, பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. கணவன் ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. ஆலைப் புறநகருக்கு அவர் திரும்பி வந்தபோது புறநகரே மறைந்துகொண்டிருந்தது. பெர்லின் விழா இருவருக்குமே வெள்ளிக் கரடி வழங்கியது.

1976 ஏப்ரலில் பிரெஞ்சுத் திரையுலகின் முதல் சேசர் விருது விழாவுக்குத் தலைமை தாங்கினார். நவம்பர் 15ஆம் நாள் இறந்தார். கல்லறை வேண்டாம் என்பது அவர் விருப்பம். உடல் பெர்-லாஷேஸில் எரியூட்டப்பட்டது. கடற்படை தன் பழைய வீரருக்காக ஒரு போர்க்கப்பலை அளித்தது. நவம்பர் 19 அன்று பிரெஸ்ட் துறைமுகத்துக்கு அப்பால், போர் மூண்டதால் பாதியில் நின்ற ‘ரமோர்க்’ படத்துக்காக 1939இல் அவர் சென்றிருந்த அதே கடலில், மனைவி மக்கள் முன்னிலையில் சாம்பல் தூவப்பட்டது.